சாப்பிடாததால் வந்த மயக்கமா?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒவ்வொரு மாணவியின் கையிலும் ஒரு தாள் வீட்டுக்குப் போகும். மகள் போட்டிகளில் பங்குபற்றச் சம்மதம், அவளுக்கு நோய் எதுவுமில்லை என்று இரண்டு வரி. கீழே உம்மா அல்லது வாப்பாவின் கையொப்பம். மறுநாட் காலையில் எல்லாத் தாள்களும் திரும்பி வந்துவிடும். அவற்றில் ஒன்றிலாவது, "போன வருடம் ஓடும்போது ஒருமுறை மயங்கி விழுந்தாள்" என்று யாரும் எழுதியிருப்பதில்லை. மயங்கிய பிள்ளைகள் இல்லாததால் அல்ல. காலையில் சாப்பிடாமல் போனாள், வெய்யில் பிடித்துவிட்டது, கண்ணூறு பட்டிருக்கும், வயதுக்கு வந்த பிள்ளை என்றால் இப்படித்தான் என்று வீட்டில் ஏற்கனவே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

பெரும்பாலான மயக்கங்களுக்கு வெறும் வயிறும் வெய்யிலுந்தான் காரணம். ஆனால் எல்லா மயக்கத்துக்கும் அல்ல. 2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் மயங்கி விழுந்து உயிரிழந்தான். அந்தச் செய்தி வந்த கிழமை நம் வீடுகளிலும் ஒரு பயம் இருந்தது. பிறகு மறந்துபோயிற்று. ஓடும் பிள்ளை விழுவதற்குக் கடும் வெப்பம் காரணமாகலாம், இதயமும் காரணமாகலாம். இந்தக் கட்டுரை இதயத்தைப் பற்றியது. விளையாடும் பிள்ளைகளின் இதயத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க முடியுமா, முடியுமென்றால் யார், எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் மயக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். காலைக் கூட்டத்தில் நெடுநேரம் நின்ற பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது, "டீச்சர், ஒரு மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே சரிகிறாள். கீழே கிடத்திக் காலைச் சற்று உயர்த்தினால் ஒரு நிமிடத்தில் கண் திறக்கிறாள். இது சாதாரண மயக்கம். இரத்த அழுத்தம் சற்று நேரம் விழுந்ததால் வந்தது. ஓட்டம் முடிந்த உடனே நடக்காமல் அப்படியே நின்ற பிள்ளை சரிவதும் பெரும்பாலும் இதே வகைதான். கால்களில் தங்கிய இரத்தம் மேலே வரச் சற்றுத் தாமதம். மற்ற வகை வேறு. ஓட்டத்தின் நடுவிலே, முன்னறிகுறி எதுவுமில்லாமல், கையை ஊன்றக்கூட நேரமின்றி முகங்குப்புற விழுகிறாள். அல்லது பந்தைத் துரத்தும்போது நெஞ்சு படபடவென்று அடித்து அதோடு நினைவு போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த மயக்கம் எதையும், அவள் உடனே எழுந்து சிரித்தாலும், வைத்தியரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

இப்படி விழவைக்கும் நோய்கள் பல. இதயத் தசை காரணமின்றித் தடித்துப்போகும் ஒரு பரம்பரை நிலை உண்டு. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பலர் அதோடு முதுமைவரை வாழ்கிறார்கள், சிலருக்கு முதல் அறிகுறியே கடைசி அறிகுறியாகிவிடுகிறது. கமரூன் நாட்டு உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகர மைதானத்தில் விழுந்து இறந்ததற்கு இதுவே காரணமெனக் கண்டார்கள். தசை சரியாக இருந்தும் அதற்குள் ஓடும் மின்சாரம் பிழையாக இருப்பது இன்னொரு வகை. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிறு மின்தூண்டலால் நடப்பது. அந்தத் தூண்டல் முடிந்து, இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார்ப்படுத்த எடுக்கும் நேரம் ஈ.சி.ஜி. தாளில் கியூ.டி. இடைவெளி என்று அளக்கப்படும். அது அளவுக்கு மிஞ்சி நீண்ட பிள்ளைகள் ஏறத்தாழ 2000 பேருக்கு ஒருவர்.

இந்த நீண்ட கியூ.டி. பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட அதிக வாய்ப்புள்ளது இதுதான். இந்தப் பிள்ளைகள் பார்வைக்கு முழு ஆரோக்கியமானவர்கள். சிலருக்கு ஓடும்போது அல்லது நீந்தும்போது துடிப்புக் குழம்பும். சிலருக்குத் திடீரென்று எழும் சத்தம் போதும்: அலாரம், வெடி, ஓட்டம் தொடங்கும் துப்பாக்கி ஒலி. இதயம் சில செக்கன்கள் இரத்தத்தை அனுப்பாமல் நடுங்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போகாது, கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள். வலிப்புக்கு மருந்து எடுத்தும் ஓடும்போது மட்டும் விழுகிற பிள்ளை, பயந்தவுடன் விழுகிற பிள்ளை, ஓதிப்பார்த்தும் நிற்காத பிள்ளை என்று யாராவது குடும்பத்தில் இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. ஓதிப்பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஓதியபின் வைத்தியசாலைக்கும் போகவேண்டும் என்கிறேன்.

1957இல் நோர்வே நாட்டு வைத்தியர்களான யேர்வெல், லாங்கே நீல்சன் ஆகிய இருவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் நான்கு பிள்ளைகள் பிறவியிலேயே காது கேளாதவர்கள். நால்வருக்கும் மயக்கம் வரும். மூவர் சிறு வயதிலேயே திடீரென இறந்தார்கள். காதுக்கும் இதயத்துக்கும் தேவையான ஒரே மரபணு பழுதாகியிருந்ததுதான் காரணம் என்பது பின்னாளில் தெரியவந்தது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த வகை வெளிப்படும். ஆகவே நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மச்சான் மச்சி கலியாணம் நமக்குப் புதிதல்ல. பிறவியில் காது கேளாத பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்து, அது விளையாடும்போது மயங்கினால், அதை இரண்டு தனித்தனிக் குறைகளாக எண்ணவேண்டாம்.

மூன்றாவது வகைக்கு ஒரு பெண்ணின் கதையே போதும். ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை ஆறடிக்கும் மேல் உயரம், நீண்ட கைகள், நீண்ட விரல்கள். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவே வெளியே வந்து இருக்கையில் அமர்ந்தவர் அப்படியே சரிந்தார். உடலின் இணைப்பிழையங்கள் தளர்ந்திருக்கும் மார்ஃபான் என்ற நிலை அவருக்கு இருந்ததும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிழிந்ததும் இறந்தபின்னரே தெரிந்தன. அதன்பின் குடும்பத்தினரைப் பரிசோதித்ததில் அவருடைய சகோதரருக்கும் அதே ஆபத்து இருப்பது தெரிந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். நாமும் வலைப்பந்து அணிக்கு உயரமானவளைத்தான் தேடுகிறோம். உயரம் நோயல்ல. ஆனால் குடும்பத்தில் யாரையும் ஒத்திராத உயரம், விரித்த கைகளின் நீளம் உயரத்தைத் தாண்டுவது, சிறு வயதிலேயே கண்வில்லை விலகியது, இவை ஒன்றாகச் சேர்ந்தால் வைத்தியரின் கண்ணில் படவேண்டும்.

இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க உலகில் பல நாடுகள் பல வழிகளை முயன்றுள்ளன. இத்தாலி 1982 முதல் போட்டிகளில் பங்குபற்றும் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. உட்பட மருத்துவப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. அந்நாட்டின் வெனெத்தோ பிராந்தியத்தில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் 1979 - 80இல் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்து 2003 - 04இல் 0.4 ஆகக் குறைந்தது. ஜப்பானில் 1973 முதல் பாடசாலைகளிலேயே இதயப் பரிசோதனை நடக்கிறது. ஆரம்ப, கனிஷ்ட, உயர்நிலைப் பாடசாலை ஒவ்வொன்றினதும் முதல் வருடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கமோ எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லவில்லை. அது 14 விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றுள் பத்து, பிள்ளையிடமும் பெற்றோரிடமும் வாயால் கேட்கும் கேள்விகள்.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். 1996 முதல் 2016 வரை அங்கே 11,168 இளம் உதைபந்தாட்ட வீரர்களுக்கு, சராசரி 16 வயதில், இரண்டு பரிசோதனையும் செய்தார்கள். 42 பேருக்கு ஆபத்தான இதய நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரிய நன்மை. ஆனால் அதற்குப் பின் இதய நோயால் திடீரென இறந்த எட்டுப் பேரில் ஆறு பேருக்குப் பரிசோதனை முடிவு சரியாகவே இருந்திருந்தது. பரிசோதனைக்கும் மரணத்துக்கும் இடையில் சராசரியாக ஏறத்தாழ ஏழு வருடங்கள். தசை நோய் சிலருக்குப் பதினாறு வயதில் தலைகாட்டாமல் பிறகுதான் வளர்கிறது. ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி. வாழ்நாள் சான்றிதழ் அல்ல. அன்று முடிவு சரியாக இருந்தாலும் நாளை ஓடும்போது மயங்கினால் மறுபடி போகத்தான் வேண்டும்.

நமது நாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 மாணவர்களைப் பாடசாலைக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லா வகுப்பையும் பார்ப்பார்கள். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது வெறும் சடங்கல்ல. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார். ஆனால் பரிசோதனை நாளன்று வராமல் நிற்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. வைத்தியர் ஆணாக இருப்பாரோ என்ற தயக்கம் ஒரு காரணம். வகுப்பாசிரியையோ தாதியோ பக்கத்தில் நிற்கக் கேட்கலாம், பெண் வைத்தியரிடம் வேறொரு நாளில் காட்டக் கேட்கலாம். பிள்ளையை வீட்டில் மறித்து வைப்பது மட்டும் தீர்வல்ல. கையில் தந்த துண்டைப் புத்தகப் பைக்குள்ளேயே மறந்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்; மகளின் பையை ஒருமுறை உதறிப் பார்க்கலாம்.

அந்தக் குழாய் கேட்டுச் சொல்லும் நோய்களில் நம் பகுதிக்கு முக்கியமானது வாதக் காய்ச்சலால் வரும் இதய வால்வு நோய். ஒருவகைக் கிருமியால் தொண்டை நோவு வருகிறது. இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல், முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மாறி மாறி வீக்கம். அது ஆறிவிடும், ஆனால் வால்வில் தழும்பு தங்கிவிடும். பலர் நெருக்கமாக உறங்கும் வீடுகளில் இந்தத் தொண்டை நோவு வேகமாகப் பரவும். நோய் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தொடர்ந்து போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். ஊசி நோகிறது என்று இடையில் நிறுத்துவதுதான் பெரும் பிழை.

இனிச் சொல்லப்போவது உம்மாமார்களுக்கு. "பெண்பிள்ளைக்கு இருதய வருத்தம் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் பிறகு யார் கேட்டு வருவார்கள்?" இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாளில் நோய் எதுவுமில்லை என்ற வரியின் கீழ் கையொப்பம் விழுவதற்கு மறதி மட்டும் காரணமல்ல, இந்தப் பயமும் காரணம். ஆனால் மறைத்து வைத்த வால்வு நோய் கலியாணத்துக்குப் பிறகு சும்மா இருப்பதில்லை. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ அரைவாசியால் கூடுகிறது, சுருங்கிய வால்வுக்கு அது தாங்காது, மூச்சு முட்டும். இலங்கையில் தாய்மார் இறப்புக்கான முதன்மைக் காரணங்களில் இதய நோயும் ஒன்று. பத்தாம் தரத்தில் கேட்ட முணுமுணுப்பை அப்போதே கவனித்தால் அவள் ஓடவும் முடியும், பின்னர் பாதுகாப்பாகப் பிள்ளை பெறவும் முடியும்.

நோய் கண்டால் விளையாட்டு முடிந்தது என்பதும் சரியல்ல. இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருந்து படபடப்பு வருபவர்களுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டு அழித்துவிடலாம்; அநேகர் முற்றாகக் குணமாகி மறுபடி விளையாடுகிறார்கள். நீண்ட கியூ.டி. உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தினமும் குளிசை. அதோடு சில மருந்துகளைத் தவிர்க்கவேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோனும் தொண்டைக்குக் கொடுக்கும் எரித்ரோமைசினும் அந்தப் பட்டியலில் உண்டு; ஆகவே பாமசியில் தானாகக் கேட்டு வாங்கக்கூடாது. சிலருக்கு எந்த விளையாட்டு, எந்த அளவு என்று வைத்தியர் வரையறுப்பார். மூச்சு வாங்கும் எல்லாப் பிள்ளைக்கும் இதய நோயும் அல்ல. நம் மாணவிகளில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான். பாடசாலையில் கிழமைக்கு ஒருமுறை தரும் குளிசையைச் சன்னலுக்கு வெளியே எறியாமல் விழுங்கினாலே அவர்களுடைய ஓட்டம் மாறும்.

ஈ.சி.ஜி. பற்றி மாணவிகளிடம் ஒரு பயம் இருக்கிறது, அதையும் தெளிவாக்கிவிடலாம். உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை, இதயத்தின் மின்சாரத்தை வெளியிலிருந்து எழுதிக்கொள்வதுதான் அது. படுக்கவைத்து நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு இடங்களில் ஒட்டுவார்கள். சில நிமிட வேலை. நெஞ்சுப் பகுதியைத் திறக்கவேண்டியிருப்பதால் பெண் உத்தியோகத்தரையும் திரைச்சீலையையும் கேட்பது உங்கள் உரிமை. முன்பக்கம் பொத்தான் வைத்த உடுப்பில் போனால் இலகு, மேலே சால்வையால் மூடிக்கொள்ளலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இதய நோய்ப் பிரிவு உண்டு. நேராக அங்கே ஓடத் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தேவைக்கேற்ப அனுப்புவார்கள். தவறாமல் பயிற்சி செய்பவர்களுக்கு நாடித் துடிப்பு இயல்பாகவே மெதுவாக இருக்கும், ஈ.சி.ஜி.யும் சற்று வேறுபடும். ஆகையால் விளையாடும் பிள்ளை என்பதை மறக்காமல் சொல்லவேண்டும். அதைச் சொல்லாததால் இல்லாத நோய்க்கு அலைந்தவர்களும் உண்டு.

வைத்தியரிடம் போகுமுன் வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், உம்மம்மாவும் வாப்பும்மாவும் போதும். நம் குடும்பங்களில் ஐம்பது வயதுக்குள் திடீரென மௌத்தானவர்கள் யார், எப்படி? நன்றாக நீந்தத் தெரிந்தும் கிணற்றிலோ கடலிலோ மூழ்கியவர் உண்டா? காரணம் தெரியாத வாகன விபத்து? தொட்டிலில் இறந்த குழந்தை? வலிப்பென்று சொல்லப்பட்டவர்? இடம்பெயர்ந்து புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறிய குடும்பங்களில் இந்த விபரங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒரு சாச்சாவின் மௌத்துச் செய்தி தொலைபேசியில் வந்திருக்கும், "மாரடைப்பாம்" என்று ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது என்பதை யாரும் கூட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். அதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுத்தால், அந்தப் பத்துக் கேள்விகளுள் கனமானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வருடங்களில் ரமழான், இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தோடு சேர்ந்து வருகிறது. நோன்போடு வெய்யிலில் ஓடும் பிள்ளைக்குத் தலை சுற்றினால் எல்லோரும் நோன்பைக் காரணம் சொல்வார்கள், அதனால் உண்மையான அறிகுறி மறைந்துவிடும். கடும் பயிற்சியை அஸருக்குப் பின் வைப்பதோ நோன்பு முடியும்வரை தள்ளிப்போடுவதோ நல்லது. நோன்பு இல்லாத நாளிலும் ஓடும்போது மயங்கியிருக்கிறாளா என்று கேளுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் சிலவற்றை முன்கூட்டியே அறிய முடியாது. 2015 ஜூலையில் இங்கிலாந்தின் சரே பகுதியில் மானிப்பாய் பரிஷ் விளையாட்டுக் கழகத்துக்காகத் துடுப்பெடுத்தாடிய யாழ்ப்பாண இளைஞர் ஒருவர், பந்து நெஞ்சில் பட்டுச் சரிந்து உயிரிழந்தார். இதயம் நலமாக இருப்பவருக்குக்கூட, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட நொடித்துணுக்கில் நெஞ்சில் அடி விழுந்தால் துடிப்புக் குழம்பலாம். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கொப்பன்ஹேகன் மைதானத்தில் விழுந்தபோது, பரிசோதனையைச் சட்டமாக்கிய அதே இத்தாலியில் ஒரு கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தவர். அவரைக் காப்பாற்றியது உடனே நெஞ்சை அழுத்தியதும் மைதானத்திலேயே கொடுத்த மின் அதிர்ச்சியுந்தான். அடுத்த வருடமே அவர் இங்கிலாந்தில் மறுபடி விளையாடினார்.

ஆகவே விழுந்த பிள்ளையைத் தட்டி அழைத்தும் பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் போல வாய் திறந்து திறந்து மூடுகிறது என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கவேண்டாம். ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. அந்த இலக்கத்தை நம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கத் தேவையில்லை, உம்மம்மாமார் அந்த வருடத்தைச் சொல்லாத நாளில்லை. மற்றொருவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். மின் அதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்திலொன்று குறைகிறது. பெண்பிள்ளையின் நெஞ்சில் எப்படிக் கை வைப்பது என்று ஆண்கள் தயங்கி நின்ற சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. நிர்ப்பந்தத்தில் தடுக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதைவிட நல்லது, நம் மாணவிகளே இதைப் பழகிக்கொள்வது. செயின்ற் ஜோன்ஸ் முதலுதவிப் பயிற்சியில் இது கற்றுத்தரப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதற்கான பலம் உண்டு. இரண்டு நிமிடத்தில் களைத்துவிடும் என்பதால் மாறி மாறிச் செய்ய மூன்று பேராவது வேண்டும். இல்லப் பொறுப்பாசிரியைகள் போட்டி நாள் காலையிலேயே அந்த மூவர் யார், அம்புலன்ஸ் எந்த வாயிலால் வரும், அந்த வாயிலின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வைக்கவேண்டும்.